மாட்டு டிரெய்லருக்கு ஒரு பிக்கப்

ஆர்.எஸ்.புரம், கோவை
3 ஜூன் 2024

தம்பிதுரை அவர்களுக்கு,

பர்கூர் மலையில் நடந்ததைப் போனில் சொன்னீர்கள். போனில் வருவதை நான் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. டிரஸ்ட்டின் விதியும் அதுதான். நாம் இரண்டே பேர் அறங்காவலர்கள். இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது என்று என் கணவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே நீங்கள் சொன்னதை நானே எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

எழ முடியாமல் படுத்துவிட்ட ஒரு கறவை மாட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நம் டிரைவர் ஜபருல்லா தாமரைக்கரையிலிருந்து வந்திருக்கிறார். வழியில் ஒரு ஏற்றத்தில் பிக்கப்பின் கிளட்ச் போய்விட்டது. டிரெய்லர் பிக்கப்பைப் பின்னால் இழுத்தது. மண் மேட்டில் முட்டி நின்றதால் மாடும் ஜபருல்லாவும் பிழைத்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் பள்ளம்.

அந்த டிரெய்லரின் இரண்டு பக்கமும் என் கணவர் பெயர் எழுதியிருக்கிறது. 'டாக்டர் வரதராஜுலு நினைவு கால்நடை ஊர்தி.' அந்தப் பெயரோடு அது பள்ளத்தில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டிரெய்லரை இழுக்கப் புது வண்டிதான் வாங்க வேண்டும். வங்கியில் அதற்குப் பணம் இருக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

நேற்று அவிநாசி சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய ஒரு பையன் வந்து, "ஆன்ட்டி, சார் வரலீங்களா?" என்றான். சார் வர முடியாத இடத்தில் இருக்கிறார் என்றேன். "பரவால்லைங்க ஆன்ட்டி, வீடியோ கால் போட்டுக்கலாம்" என்றான். பிறகு பாட்டுக் கேட்கும் திரையைப் பற்றி நிறுத்தாமல் பேசினான். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் வண்டி எத்தனை கிலோ இழுக்கும், பிரேக் இல்லாதது என்றால் எத்தனை என்று கேட்டேன். அவனுக்கு அப்படி இரண்டு கணக்கு இருப்பதே தெரியவில்லை. மேசைமேல் இருந்த கையேட்டை வாங்கி நானே படித்தேன். அதற்குள் எனக்கு வைத்த காப்பியில் ஒரு ஈ விழுந்திருந்தது. அதையும் நான்தான் அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

வண்டி நல்ல வண்டி. நம் டிரெய்லரும் ஒரு பெரிய மாடும் சேர்ந்தால் ஆகும் எடையைப் போல் இரு மடங்கு இழுக்கும். உங்கள் சம்மதத்தை எழுதி அனுப்புங்கள்.

அம்புஜம் வரதராஜுலு


ஜம்பை, பவானி
10 ஜூன் 2024

அண்ணியாருக்குத் தம்பிதுரை கும்பிட்டு எழுதிக்கறது.

நீங்க எழுதுனது அத்தனையும் சரிங்க. மாட்டுக்காரர் பொறகு வந்து ஜபருல்லா கையப் புடிச்சுட்டு அழுதுபோட்டாருங்க. மாடு இப்ப எந்திரிச்சு நிக்குது.

ஆனா புது வண்டி நமக்கு ஆகுமான்னு ஒருக்கா ரோசனை பண்ணோணுமுங்க. புதுசுல பூராவும் கம்ப்யூட்டர். மலை மேல ஒரு விளக்கு எரிஞ்சா அங்கியே நின்னுக்கும். எங்கூர் மெக்கானிக்கு தொடவே மாட்டேங்கறான். சில வண்டிக்கு டீசலோட சேத்தி யூரியாத் தண்ணியும் ஊத்தோணுமாமுங்க. காட்டுக்கே யூரியா கெடைக்க மாட்டேங்குது, வண்டிக்கு எங்க போறது?

என்ற சம்பந்தி சென்னியப்பன், நம்ம ரித்திகாவோட மாமனாருங்க, போத்தனூர்ல பழைய வண்டி வாங்கி விக்கறாரு, உங்களுக்குத் தெரியும். அவருகிட்ட ஒரு பிக்கப் நிக்குது. ஜப்பான் கம்பெனி. நாலு சக்கரமும் இழுக்கும். ஒரே ஓனர், எஸ்டேட்ல ஓடுனதுன்னாரு. "டாக்டர் டிரஸ்ட்டுக்குன்னா வெளிய யாருக்கும் காட்டல சம்பந்தி" அப்படின்னாரு.

எனக்கும் ரெண்டு மனசாத்தான் இருந்துச்சுங்க. அதனால போன வெள்ளிக்கெழமை எங்க குலதெய்வத்துகிட்டப் பூக் கேட்டேன். நீங்க நம்ப மாட்டீங்க, இருந்தாலும் சொல்றேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தாப் புதுசு, செவப்பு வந்தாப் பழசு. அங்க வெளையாண்டுட்டிருந்த ஒரு கொழந்தையக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். செவ்வரளி வந்துதுங்க. எங்க தாத்தன் கெணறு வெட்டுனதும் ரித்திகா கல்யாணமும் இப்படிக் கேட்டுத்தான் நடந்துச்சு.

வண்டிய ஒருக்கா வந்து பாத்துப்போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னாப் பெரிய உபகாரமுங்க.

தம்பிதுரை


ஆர்.எஸ்.புரம்
15 ஜூன் 2024

தம்பிதுரை அவர்களுக்கு,

பார்த்துவிட்டேன். நீங்கள் வந்து காட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. வருவது தெரிந்தால் வீட்டைப் பெருக்கி வைப்பவர்களிடம் சொல்லாமல்தான் போக வேண்டும் என்று கான்வென்ட்டில் எங்கள் மதர் சுப்பீரியர் சொல்வார். நேற்றுக் காலை போத்தனூருக்கு டாக்சியில் போனேன். உங்கள் சம்பந்தி கடையில் இல்லை. கடைப் பையனிடம் நான் பெயர் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு அவன் போனில் மூழ்கிவிட்டான்.

கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை. கண்ணாடிக்குக் கீழே ஒரு வாசனை டப்பா, சீட்டுக்கு அடியில் இரண்டு. ஒரு வண்டிக்கு எதற்கு மூன்று? கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சைக்குக் கீழே இன்னொரு வாசனை மெதுவாக வந்தது. வெயிலில் காய்ந்த சாக்கடை. ஆனாலும் இறங்கவில்லை.

சீட் உறை புதிது. தரை விரிப்பு புதிது. ஆனால் சீட் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. அதைக் கடைசிவரை வெளியே இழுத்தேன். பாதிக்கு மேல் பழுப்பு நிறத்தில் மண் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் ஒட்டியது. என் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து எடுத்து வந்திருக்கிறேன். பின் சீட்டின் அடியில் உள்ள போல்ட்டுகள் துருவேறி இருக்கின்றன. எஸ்டேட்டில் மழை மேலிருந்து பெய்யும், தம்பிதுரை. சீட் பெல்ட்டின் உருளைக்குள் போய்ப் பெய்யாது. பதிவெண் சென்னை எண். போன டிசம்பர் வெள்ளத்தில் சென்னை எப்படிக் கிடந்தது என்று நீங்களும் டிவியில் பார்த்தீர்கள்.

கழுத்துவரை சாக்கடையில் நின்ற வண்டி அது. அதன் ஒயர்களும் பிரேக்கும் எந்த இறக்கத்தில் கைவிடும் என்று உங்கள் எந்தத் தெய்வத்தாலும் சொல்ல முடியாது. பின்னால் ஒன்றரை டன் தள்ளிக்கொண்டிருக்கும். ஸ்டீரிங்கில் ஜபருல்லா இருப்பார்.

பூவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. மற்ற பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா?

நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அம்புஜம் வரதராஜுலு


ஜம்பை
20 ஜூன் 2024

அண்ணியாருக்கு,

உங்க கடுதாசியப் படிச்சு ரெண்டு நாள் சோறு எறங்கலீங்க. பெல்ட்டுல மண்ணுன்னா எஸ்டேட்டு மண்ணாவும் இருக்கலாமில்லீங்களா. எம் பொண்ணக் குடுத்த ஊட்டுக்காரரு. தெரிஞ்சே எனக்கு அப்படிப் பண்ணுவாரா? கைக்குட்டையில தொடைச்சு எடுத்துட்டு வந்தேன்னு எழுதறீங்களே, போலீஸ்காரங்க மாதிரி.

மத்த பொட்டலத்தப் பிரிக்கக் கூடாதுங்க. அது வழக்கமில்ல. சாமி வேலுக்கு அடியில வெச்சு, அமாவாசையன்னைக்குப் பூசாரி ஆத்துல உட்டுருவாரு. பிரிச்சாச் சாமியச் சந்தேகப்பட்ட மாதிரி. நீங்க கேட்டதுக்காக நான் கோவிச்சுக்கலீங்க. ஆனா எங்கூட்டுக்காரி பழனாத்தா கோவிச்சுட்டா. மொகமே வெளுத்துப்போச்சு. "அந்தம்மா எதுக்கு நம்ம சாமி விசயத்துல வாராங்க"ன்னு சொல்லிட்டு, அன்னைக்கு அடுப்பே பத்த வெக்கல.

உள்ளதைச் சொல்லிப்போடறேனுங்க. ஒளிச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. நான் வேண்டாம்னு சொன்னா அங்க ரித்திகாவுக்குத்தான் இடி. இப்பவே அவ மாமியா, "உங்கப்பனுக்கு எங்க வண்டி கசக்குதா, எங்க ஊட்டுச் சோறு மட்டும் உனக்கு இனிக்குதா"ன்னு கேட்டுப்போட்டாளாம். மாப்பிள்ளை நல்லவந்தான், ஆனா அம்மா முன்னால வாய் தொறக்க மாட்டான். புள்ள இப்ப ஆறு மாசம். அடுத்த மாசம் வளைகாப்பு. எல்லாம் முடிஞ்சு நல்லபடியா பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்கு அனுப்போணும். அவங்க மனசு கோணுனா அதையே நிறுத்திப்போடுவாங்க.

நீங்க இதையும் யோசிக்கோணுமுங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு.

தம்பிதுரை


ஆர்.எஸ்.புரம்
24 ஜூன் 2024

தம்பிதுரை அவர்களுக்கு,

உங்கள் பெண்ணுக்காக ஜபருல்லாவை அந்த வண்டியில் ஏற்றுவீர்களா? அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மருமகளின் வயிற்றை வைத்து வண்டி விற்கிற வீடு. எழுதும்போதே கை கூசுகிறது. உங்களுக்குக் கூசவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கூச்சம். அவர் உங்களை ஏன் அறங்காவலராகப் போட்டார் தெரியுமா? "தம்பிதுரைக்குப் பொய் சொல்ல வராது, வாய் உளறிவிடும்" என்பார். அதை நம்பித்தான் நானும் இத்தனை வருடம் உங்களோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த வண்டி வந்தால், டிரெய்லரில் இருக்கும் பெயரை அழிக்கப் பெயின்டரை அனுப்புவேன். அதன் பிறகு சென்னியப்பன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அம்புஜம் வரதராஜுலு


ஜம்பை
2 ஜூலை 2024

அண்ணி,

பிரிச்சுட்டேனுங்க.

நேத்துச் சாயந்தரம் கோயிலுக்குப் போனேன். அமாவாசைக்கு முன்னாலயே பொட்டலத்த எடுத்துக் குடுங்கன்னு பூசாரியக் கேட்டேன். "ஏனப்பா தம்பிதுர, சாமிகிட்ட ரசீது கேக்கறயா"ன்னாரு. சிரிக்கலாமுன்னு பாத்தேன், முடியல. பொட்டலம் வாடிப்போயிருந்துச்சு. எல அப்படியே ஒட்டிட்டுது. நகத்துல பிரிச்சேன். உள்ள இருந்ததும் செவ்வரளிதானுங்க. காஞ்சு கறுத்திருந்தாலும் செவப்புன்னு தெரியுது.

பொட்டலம் கட்டறது எப்பவும் பழனாத்தாதான். ஊட்டுக்கு வந்து அவ முன்னால வெச்சேன். பாத்தா. அழுகல. "ஆமா, ரெண்டுலயும் செவப்புத்தான் வெச்சேன்"னா. சாமிகிட்டப் பொய்யான்னு கேட்டேன். "பொய் எங்க? கட்டறதுக்கு முன்னால சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் கட்டுனேன். எம் புள்ளைய அங்க வெச்சு வாட்டறாங்க, எனக்கு வேற வழி காட்டுன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்"னா.

நாப்பது வருசம் ஒண்ணாக் குடித்தனம் பண்ணிருக்கேன். அவள அடிக்கவும் தோணல, ஆத்தவும் தோணல.

நீங்க கேட்டதுக்கு ஒரு வார்த்தையில பதில்: இல்லீங்க. ஜபருல்லாவ அதுல ஏத்த மாட்டேன். ஆனா சம்பந்திகிட்டப் போயி எந்த வாயில சொல்றதுன்னு தெரியல. வெள்ளத்து வண்டின்னு சொன்னா, என்னைத் திருடன்னு சொல்றயான்னு அந்த ஊடே திரும்பும். புள்ள அங்கதான் இருக்கா. சொல்லாம இருந்தா நாளைக்கே வண்டியக் கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்துவாரு. ரெண்டு பக்கமும் பள்ளமா இருக்குதுங்க அண்ணி.

தம்பிதுரை


ஆர்.எஸ்.புரம்
5 ஜூலை 2024

தம்பி,

சொன்னதை அப்படியே செய்யுங்கள். இந்த ஒரு முறை ஏன் என்று கேட்காதீர்கள்.

சென்னியப்பனுக்குப் போன் செய்து, "எனக்கு முழுச் சம்மதம், என் கையெழுத்து ரெடி, டாக்டர் சம்சாரம்தான் போட மாட்டேங்கறாங்க" என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பொய் வராது என்பதால் இதில் பொய் எதுவும் வைக்கவில்லை. நீங்கள் முதலில் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது, அதில் உங்கள் சம்மதம் இருக்கிறது. அதற்குப் பிறகு எழுதியதை அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

பழனாத்தாள் செய்ததைப் பற்றி: அருவருப்பாகத்தான் இருக்கிறது. அவளிடம் அல்ல. தெய்வத்திடம் அப்படிப் போய் நிற்க வைத்தவர்களிடம். அவளைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அம்புஜம்


ஜம்பை
13 ஜூலை 2024

அண்ணி,

போத்தனூர்ல சம்பந்தி ஊட்டுக்குப் போயி என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க? ரித்திகா போன் பண்ணுனா. சிரிக்கறாளா அழுகறாளான்னே தெரியல.

சோபாவுல கைக்குட்டைய விரிச்சுப்போட்டு அதுமேல உக்காந்தீங்களாம். காப்பி கொண்டாந்த டம்ளரத் தூக்கி வெளிச்சத்துல பாத்துப்போட்டுக் கீழ வெச்சுட்டீங்களாம். வண்டியில என்ன கொறைன்னு சம்பந்தி கேட்டதுக்கு, "வண்டியில ஒரு குறையும் இல்லை, அடுத்தவர் உட்கார்ந்த சீட்டு எனக்கு ஆகாது"ன்னீங்களாம். "தம்பிதுரை காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், நான்தான் மாட்டேன் என்றேன், டிரஸ்ட் என் வீட்டுப் பணம்"ன்னும் சொன்னீங்களாம்.

நீங்க கெளம்புனதும் அந்த ஊடே கொதிச்சுதாம். ரித்திகா மாமியா இவளக் கூப்பிட்டு, "பாவம் உங்கப்பன், இந்தக் கெழவிகிட்ட எத்தன வருசமா மாட்டிக்கிட்டுத் தவிக்கறாரோ"ன்னு சொல்லி, அவ கையாலயே இவளுக்குப் பால் காச்சிக் குடுத்தாளாம். வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சுங்க. ஆடிக்கு முன்னாலயே, நாளான்னைக்கு வெச்சுட்டாங்க. உங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

இது வரைக்கும் எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒண்ணு கேள்விப்பட்டேன். நீங்க உக்காந்திருக்கும்போதே சம்பந்தி நம்ம டாக்டரண்ணனைப் பத்திப் பேசுனாராம். "செத்த மாட்டுக்கும் ஊசி போட்டுச் சம்பாதிச்ச ஆளு பேருக்கு இத்தனை பவுசா"ன்னாராம். அண்ணன் ராத்திரி பகல் பாக்காம எங்க காட்டுக்குத் தேடி வந்து வைத்தியம் பாத்தவரு. ஒரு டம்ளர் மோரு குடுத்தா, அதுக்கே யோசிச்சு வாங்குவாரு. நீங்க ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியாமே?

வளைகாப்பு முடியட்டும். வர்ற வெள்ளிக்கெழமை போத்தனூர் போறேன். சம்பந்தின்னும் பாக்க மாட்டேன். அந்தச் சொல்ல அவரு வாயாலயே திருப்பி வாங்க வெச்சுப்போட்டுத்தான் வருவேன்.

தம்பிதுரை


ஆர்.எஸ்.புரம்
16 ஜூலை 2024

தம்பி,

போகக் கூடாது.

அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை. பதில் இருந்தது. அவர் ஊசி போட்ட ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் கதவோரமாக வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் வாய் திறந்தால் பேச்சு வண்டிக்குப் போகும், வண்டியிலிருந்து வெள்ளத்துக்குப் போகும், அங்கிருந்து உங்களுக்கு வரும். அதனால் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அவன் வாசல்வரைகூட வரவில்லை. நல்லது என்று நினைத்தேன்.

நீங்கள் போய் அவரைப் பற்றிப் பேசினால், நீங்கள் என் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாளைக்குக் குழந்தையோடு ரித்திகா அங்கே திரும்பிப் போகும்போது காய்ச்சிய பால் இருக்காது. அந்த வீட்டில் நான் பட்டதெல்லாம் வீண். அவருடைய பெயருக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை, அந்த வீட்டில் அதைச் சொல்லாமல் இருப்பதுதான். என்னைத் திட்டுகிறார்கள் என்றால் நீங்களும் சேர்ந்து கொஞ்சம் தலையாட்டுங்கள். பழனாத்தாளுக்கு அது கஷ்டமாக இருக்காது.

அவன் சொன்ன சொல்லைவிட எனக்குக் கசப்பாக இருப்பது நான் சொன்னது. "வண்டியில் ஒரு குறையும் இல்லை." அந்தச் சாக்கடையை நல்ல வண்டி என்று நாலு பேர் முன்னால் என் வாயால் சொன்னேன். அழுக்கை அழுக்கு என்று சொல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால்தான் எனக்குச் சிநேகிதிகள் குறைவு. நாளைக்கு யாரோ ஒருவர் வந்து, டாக்டர் வீட்டு அம்மாவே குறை இல்லை என்றாராம் என்று கேள்விப்பட்டு அந்த வண்டியை வாங்குவார். என்னிடம் வந்து கேட்க மாட்டார். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதி வைக்கத்தான் சொல்கிறேன், ஆறுதலுக்கு அல்ல.

புது பிக்கப்புக்கான விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. ஷோரூம் பையன் இப்போது எத்தனை கிலோ இழுக்கும் என்று மனப்பாடம் செய்திருக்கிறான், இன்னும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறான். டிரெய்லரின் பிரேக்கை வண்டியோடு இணைத்து, ஜபருல்லா மலையில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் எடுப்போம் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். உங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி.

போத்தனூருக்கு என்று வைத்திருக்கும் வெள்ளிக்கிழமை இங்கே வாருங்கள். ஜபருல்லாவையும் கூட்டி வாருங்கள். ஓட்டப்போகிறவர் முதலில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒன்பது மணிக்குள் வந்தால் டிபன் இருக்கும்.

அம்புஜம்